பில் மென்பொருளுக்கு ஜிமெயில்: ஆப் பாஸ்வேர்டா, ஓஆத்தா?

மாமாவின் ஹார்டுவேர் கடையில் பாதி பில் காண்டிராக்டர்களுக்கு மின்னஞ்சலில்தான் போகும். பில் மென்பொருளைக் கடையின் ஜிமெயிலோடு இணைத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆப் பாஸ்வேர்ட் என்பது ஒரு மென்பொருளில் போடுவதற்கென்று கூகுள் தரும் தனிப் பாஸ்வேர்ட். ஓஆத் (OAuth) என்பது மென்பொருளிடம் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், கூகுளின் பக்கத்தில் அனுமதி கொடுத்து இணைக்கும் முறை. இரண்டு வழியிலும் இணைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது ஓஆத் பக்கம் நிற்கிறேன். ஆனால் 'ஓஆத் என்றாலே பாதுகாப்பு' என்று சொல்ல மாட்டேன். ஏன் என்பது கீழே வரும்.

ஜிமெயிலின் சொந்தப் பாஸ்வேர்டையே மென்பொருளில் போடுகிற பழைய முறையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தனிப்பட்ட கணக்குகளுக்கு 2022 மே 30-ஓடு கூகுள் அதை நிறுத்திவிட்டது. அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் நிறுத்தியது.

முதலில் நான் எடுத்தது ஆப் பாஸ்வேர்ட். இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, கணக்குப் பக்கத்தில் 'பில்' என்று ஒரு பெயர் கொடுத்தால் 16 எழுத்து கிடைக்கும். அதை ஒரே ஒரு முறைதான் காட்டுவார்கள். மென்பொருளில் எஸ்எம்டிபி (SMTP, அஞ்சல் அனுப்பும் பொதுவான முறை) முகவரி கேட்கும் கட்டத்தில் ஜிமெயிலின் முகவரியும் 587 என்ற போர்ட்டும் கொடுத்து, பாஸ்வேர்ட் இடத்தில் அந்த 16 எழுத்தைப் போட்டால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டி வந்தபோதுதான் கண் திறந்தது. மென்பொருளின் ஃபோல்டரை நகலெடுக்கும் முன் அதன் செட்டிங்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். 16 எழுத்தும் பளிச்சென்று அங்கே கிடந்தன. அதே ஃபோல்டர் தினமும் ராத்திரி பென் டிரைவில் பேக்கப் ஆகும். அந்தப் பென் டிரைவ் கணக்கு எழுதும் அக்காவின் கைப்பையில் வீட்டுக்குப் போய் வரும்.

"வேலை செய்யுதுல்ல, விடுடா. பில் அனுப்புற பாஸ்வேர்ட்தானே, எவன் எடுத்து என்ன பண்ணப் போறான்?" என்றார் மாமா.

"இருங்க மாமா" என்று என் லேப்டாப்பைத் திறந்தேன். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் படிக்கும் மென்பொருளில் கடையின் முகவரியையும் அந்த 16 எழுத்தையும் கொடுத்தேன். ஓடிபி கேட்கவில்லை, மாமாவின் போனுக்கு 'நீங்கள்தானா' என்று ஒரு கேள்வியும் வரவில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி கடிதங்கள், சின்னவளின் காலேஜ் அட்மிஷன் என்று எல்லாம் வரிசையாக இறங்கின. 'பில்' என்பது நமக்கு நாமே ஒட்டிக்கொண்ட சீட்டுதான். அந்த 16 எழுத்தால் அனுப்பவும் முடியும், இருப்பதையெல்லாம் படிக்கவும் முடியும், அழிக்கவும் முடியும்.

சரி, ஓஆத்துக்கு வருவோம். மென்பொருளின் புதிய பதிப்பில் கூகுள் கணக்கோடு இணைக்க ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் பிரவுசர் திறக்கும். பாஸ்வேர்டைக் கூகுளின் பக்கத்தில்தான் கொடுப்போம், மென்பொருள் அதைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கிடைப்பது ஒரு டோக்கன், அனுமதிச் சீட்டு மாதிரி. சுமார் ஒரு மணி நேரம்தான் அதன் ஆயுள். தீர்ந்ததும் கையிலுள்ள இன்னொரு டோக்கனைக் காட்டிப் புதிதாக வாங்கிக்கொள்ளும்.

அந்த இன்னொரு டோக்கனும் ஏதோ ஒரு ஃபைலில்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். இருக்கும். அதையும் திருடலாம். அதனால்தான் டோக்கனைவிட, அனுமதி கேட்கும் அந்த ஒரு திரை எனக்கு முக்கியம். எல்லோரும் படிக்காமல் 'அனுமதி' என்று தட்டிவிட்டுப் போகிற திரை அது. சில மென்பொருள்கள் 'உங்கள் சார்பில் மின்னஞ்சல் அனுப்ப' என்று மட்டும் கேட்கும். வேறு சில, எல்லா அஞ்சலையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க என்று கேட்கும். இரண்டாவதற்குச் சரி என்றால், கதவை எத்தனை அகலமாகத் திறக்கிறோம் என்ற கணக்கில் ஆப் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரே பில்லை அனுப்ப ஏன் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள்? எஸ்எம்டிபி வழியாக அனுப்பும் மென்பொருள் ஓஆத்துக்கு மாறினாலும் கூகுளிடம் முழு அனுமதிதான் வாங்கியாக வேண்டும். அனுப்ப மட்டும் என்ற சின்ன அனுமதி ஜிமெயில் ஏபிஐ (API, மென்பொருள்கள் ஜிமெயிலோடு பேசக் கூகுளே வைத்திருக்கும் வழி) வழியாக அனுப்புபவர்களுக்குத்தான். ஆகவே வாங்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: ஏபிஐயா, எஸ்எம்டிபியா? எங்களுடையது ஏபிஐ. அந்த டோக்கன் யார் கையில் சிக்கினாலும் கடையின் பெயரில் கண்டபடி அஞ்சல் அனுப்பலாம். அதுவும் தலைவலிதான். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்டைப் படிக்க முடியாது.

ஓஆத்தில் நான் பட்ட ஒரு அவதி: ஸ்டாக் குறைந்தால் அஞ்சல் அனுப்ப நானே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். சரியாக ஏழு நாளில் படுத்துவிடும். மறுபடி இணைத்தால் மறுபடி ஏழு நாள். இப்படி எழுதுவதைச் செயலியாகப் பதிவு செய்யும் கூகுள் கிளவுட் தளத்தில் என் ஸ்கிரிப்டைச் சோதனை நிலையிலேயே விட்டிருந்தேன், அந்த நிலையில் டோக்கனுக்கு ஏழு நாள்தான் ஆயுள். வெளியீட்டு நிலைக்கு மாற்றியதும், இணைக்கும்போது 'சரிபார்க்கப்படாத செயலி' என்ற எச்சரிக்கை வந்தது. நானே எழுதியதுதானே என்று தாண்டிப் போனேன். ஆறு மாதமாக ஓடுகிறது.

கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் இரண்டு இணைப்பும் அறுந்துவிடும். அதில் யாருக்கும் சலுகை இல்லை.

ஆப் பாஸ்வேர்டை முழுதாக விட்டொழிக்கவும் முடியவில்லை. கடையில் ஸ்கேன் செய்து அஞ்சல் அனுப்பும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது, அதற்கு ஓஆத் தெரியாது. அதற்கென்று ஒரு புது ஜிமெயில் கணக்கு திறந்து, அதன் ஆப் பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கிறேன். திருடிப் போனாலும் உள்ளே அனுப்பிய ஸ்கேன்களைத் தவிர ஒன்றும் இருக்காது. அவற்றையும் வாராவாரம் அழிக்கிறேன். நான் சொல்வதெல்லாம் சாதா ஜிமெயிலில், ஒரே கடையில் பார்த்தது. கம்பெனி கணக்கு என்றால் எதை அனுமதிப்பது என்று அட்மின்தான் முடிவு செய்வார்.

புதிய பதிப்பு ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதும் 'பில்' என்ற பழைய ஆப் பாஸ்வேர்டை நீக்கினேன். என் லேப்டாப்பில் தண்டர்பேர்ட் பாஸ்வேர்ட் கேட்டு நின்றது. பழைய 16 எழுத்தைப் போட்டேன், ஏற்கவில்லை. ஆனால் அன்றைக்கு இறங்கிய கடிதங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றை நானே உட்கார்ந்து அழித்தேன்.