குதிப்பதா, வயிற்றால் இறங்குவதா?

கம்மவான்பேட்டையை எங்கள் பக்கம் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கிருக்கும் பெரியப்பா பழைய பட்டாளத்துக்காரர். போன வாரம் காட்பாடிக்குப் போகும்போது பாலாற்றுப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய சண்டை விமானம் மேலே தீப்பிடிச்சா, சீட்டோட தூக்கி எறிஞ்சிடுமில்ல?"

எறியாது. பிரிட்டனில் மீட்டியார் விமானத்திலிருந்து பெர்னார்ட் லிஞ்ச் அப்படிப் பாய்ந்து சோதித்ததே 1946 ஜூலை 24 அன்றுதான். ஸ்பிட்ஃபயர் மாதிரி அதற்கு முந்தைய விமானத்தில் விமானி தானேதான் வெளியே போக வேண்டும். அதற்கு இரண்டு வழி.

முதலாவது, பக்கவாட்டில் இறங்குவது. வேகத்தைக் குறைத்து, தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைப் பின்னால் தள்ளி, ஸ்பிட்ஃபயரில் இடப்பக்கம் இருக்கும் சின்னக் கதவைத் திறக்க வேண்டும். மூடி சிக்கிக்கொண்டால் நெம்ப அந்தக் கதவிலேயே ஒரு கடப்பாரை மாட்டியிருக்கும். அப்புறம் ஆக்சிஜன் குழாய், ரேடியோ கம்பி, தோள்பட்டை வார் மூன்றையும் கழற்றிவிட்டு, இறக்கையின் பின்விளிம்பை நோக்கித் தலைகீழாகப் பாய வேண்டும். எழுந்து நின்று மேலாகக் குதித்தால் காற்று தூக்கிக் கொண்டுபோய் வாலில் அடித்துவிடும்.

இரண்டாவது, விமானத்தையே கவிழ்த்துவிடுவது. மூக்கு தாழும்படி டிரிம்மை (கை விட்டாலும் மூக்கை ஒரே நிலையில் வைக்கும் அமைப்பு) வைத்து, தலைகீழாகப் புரட்டி, வாரைக் கழற்றி, விமானத்தை ஓட்டும் குச்சியை முன்னால் தள்ளினால் விமானமே ஆளை உதறிவிடும். கேட்க அழகான வழி. ஆனால் விமானம் சொன்னபடி கேட்க வேண்டுமே! ஜெர்மன் விமானி மார்சேய் 1942 செப்டம்பர் 30 அன்று புகை நிறைந்த பி.எஃப்.109-ஐக் கவிழ்த்துத்தான் வெளியேறினார். விமானம் செங்குத்தாகப் பாயத் தொடங்கிவிட, வால் அவர் மேல் மோதியது, பாராசூட் விரியவே இல்லை. அதனால் என் ஓட்டு பக்கவாட்டு வழிக்குத்தான். உயரமும் நிதானமும் கைவசம் இருந்தால் மட்டும் கவிழ்க்கலாம்.

"ரெண்டும் வேணாம், இப்படி எறக்கிட்டா?" என்று பெரியப்பா வறண்ட ஆற்றைக் காட்டினார். தீ இல்லை, இன்ஜின் மட்டும் நின்றுவிட்டது, குதிக்க உயரமும் போதாது என்றால் அதுதான் சரி. சக்கரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வயிற்றால் சறுக்க வேண்டும். மெத்து மணலில் சக்கரம் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆனால் நம் ஆற்றில் மணல் அள்ளிய பள்ளமும் சீமைக்கருவேலமும் பாலத்திலிருந்தே தெரிகின்றன. மேலேயிருந்து வெள்ளைத் துணி விரித்தாற்போலத் தெரிந்திருக்கும்.

இங்கேதான் நான் அவரிடம் அழுத்திச் சொன்ன விஷயம் வருகிறது. மூடி திறந்திருக்க வேண்டியது இரண்டுக்கும் பொது. ஆனால் குதிப்பவர் தோள் வாரைக் கழற்ற வேண்டும். வயிற்றால் இறங்குபவர் அதை இறுக்கிப் பூட்ட வேண்டும். பாதி கழற்றிய பிறகு மனம் மாறித் தரைக்கு வந்தால் முகம் முன்கண்ணாடியில் மோதும். கடைசி நொடிவரை இரண்டையும் கையில் வைத்திருக்க முடியாது. உயரம் இருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

"ஆத்துல வெள்ளம் போனா?" என்றார். மஸ்டாங் என்ற அமெரிக்கச் சண்டை விமானம் என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. அதன் அடிவயிற்றில் காற்றை இழுக்கும் வாய் ஒன்று தொங்கும். தண்ணீர் பட்டதும் அது விமானத்தைக் கீழே இழுத்துவிடும். உயரம் இருக்கும்போதே குதித்துவிட வேண்டியதுதான்.