காட்டுப்பாதைக் குதிரைச் சவாரிக்கு ஹெல்மெட், அங்கவடி, காற்று ஜாக்கெட்: எதற்கு முதலில் பணம் போடுவது?

காட்டுப்பாதைச் சவாரிக்கென்று விற்கும் பாதுகாப்புச் சாதனங்களை எடைபோடும்போது ஒரு கேள்வியை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த அடி ஒரு குடும்பத்தை வருடக்கணக்கில் முடக்கும்? மணிக்கட்டு உடைந்தால் சில வாரங்களில் கூடிவிடும். தலையில் பட்ட அடியும், அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி) கால் மாட்டி இழுபட்ட காயமும் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. ஆகவே ஹெல்மெட்டும் அங்கவடியும்தான் முதல் செலவு. விழும்போது காற்றுப்பை போல உப்பும் காற்று ஜாக்கெட், விளம்பரம் எவ்வளவு கவர்ந்தாலும், அதற்குப் பிறகுதான்.

ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் தரமுத்திரையைப் படியுங்கள். ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்பது குதிரைச் சவாரிக்கான தரம். கூடவே எஸ்இஐ முத்திரை இருந்தால் வெளி ஆய்வகத்தில் சோதித்த பொருள். ஐரோப்பியத் தயாரிப்புகளில் இஎன் 1384 அல்லது விஜி1 என்றிருக்கும். சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம். எஃப்1163 தரத்துக்குத் தட்டையான பரப்பில் மட்டுமல்ல, விளிம்புள்ள பொருள் மீதும் போட்டுச் சோதிக்கிறார்கள். குளம்படிக்கும் பாறை முனைக்கும் அதுதான் பொருத்தம். 2022 டிசம்பரில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வகம் குதிரை ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கத் தொடங்கியது. மோதும்போது தலை சுழல்வதையும் அங்கே அளக்கிறார்கள், மூளைக்குப் பெரிய கேடு அந்தச் சுழற்சிதான். பட்டியலைப் பார்த்தால் விலை கூடியதெல்லாம் மேலே இல்லை என்பது தெரியும். வாங்குமுன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும். தாடைப்பட்டையை அவிழ்த்துவிட்டு ஹெல்மெட்டை அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அளவு பெரிது. கொண்டையை உள்ளே திணித்து அளவெடுத்தால், பின்னல் போட்ட நாளில் அது தளர்ந்து ஆடும்.

வாடகை ஹெல்மெட்டில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. உள்துணியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தெர்மாகோல் போன்ற நுரையில் ஓரிடம் மட்டும் அமுங்கிப் பளபளப்பாகத் தெரிந்தாலோ, மயிரிழை விரிசல் ஓடினாலோ அதன் வேலை முடிந்துவிட்டது. அந்த நுரை நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கினால் மீளாது. வெளி ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கும், அதனால்தான் அடுத்தவர் விழுந்த ஹெல்மெட்டை அறியாமல் மாட்டிக்கொள்கிறோம். விழாமலே இருந்தாலும் ஐந்தாண்டில் மாற்றுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டுவைக்காதீர்கள்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்கள் கோர்ட்னி கிங்-டையை நினைத்துப் பார்க்கலாம். 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக டிரஸ்ஸாஜ் (குதிரையின் நுணுக்கமான அசைவுகளை மதிப்பிடும் போட்டி) ஓட்டியவர். 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை கால் தடுக்கி விழுந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. வாரக்கணக்கில் கோமாவில் கிடந்தார். நடக்கவும் பேசவும் மறுபடி பழக வேண்டியிருந்தது.

தலைக்காயத்தில் வீட்டார் ஏமாந்துபோவது முதல் சில மணி நேரத்தில். விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்று சிரிப்பார். மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவில் ரத்தம் கசிந்தால் இப்படித் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவதுண்டு. ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, கண்மணி இரண்டும் வேறு வேறு அளவில் இருப்பது, எழுப்பினாலும் மீண்டும் சரிந்து தூங்குவது: இதில் ஒன்றிருந்தாலும் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரென்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. மூளை அதிர்ச்சி பட்ட அன்றே மறுபடி குதிரையில் ஏற்றவும் கூடாது.

பிறகு வருவது வேறு விதம். ஸ்கேன் சரியாக இருக்கும், உறவினர்கள் "நல்லாத்தானே இருக்கார்" என்பார்கள். வீட்டில் கூட இருப்பவருக்குத்தான் தெரியும்: விளக்கு வெளிச்சம் தாங்காது, குழந்தை சத்தம் போட்டால் சீறுவார், காலையில் சொன்னது மாலையில் நினைவிருக்காது. இது குணக்கேடு அல்ல, காயத்தின் பகுதி. குழந்தைகளிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வந்த குதிரையிலிருந்து விபத்தைப் பார்த்த பிள்ளைக்கு உடம்பில் கீறல் இல்லாவிட்டாலும் கவனிப்பு தேவை. தூக்கம் கெடுவதும் குதிரைப் பேச்செடுத்தாலே ஒதுங்குவதும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்தது அங்கவடி. சவாரி பூட்ஸின் அகலமான இடத்தைவிட அது இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். குறுகினால் கால் சிக்கும், அதிகம் அகன்றால் பாதம் முழுசாக உள்ளே நுழைந்துவிடும். குதிகால் இல்லாத ஓட்டக் காலணியோடு வருகிறவர்களுக்கு நுழைவது இன்னும் எளிது. காட்டுப்பாதைக்கு எங்கள் தேர்வு முன்பக்கம் கூண்டு வைத்த அங்கவடி. அசையும் பாகம் ஏதும் இல்லை, மணலும் சேறும் அடைத்து வேலை கெடாது, பாதம் முன்னால் வழுக்கவும் இடமில்லை. வெளிப்பக்கம் ரப்பர் வளையம் மாட்டிய பீகாக் வகை குழந்தைகளுக்கு நல்லது; ஒரு பக்கம் திறந்திருப்பதால் கனமான பெரியவர் ஏறி மிதித்தால் வளையும் வாய்ப்புண்டு. அந்த ரப்பர் வெயிலில் வெடிக்கும், கையிருப்பில் இரண்டு வளையம் வைத்திருங்கள். கீல் வைத்துத் திறக்கும் வகை கழுவி எண்ணெய் போட்டு வைத்திருப்பவருக்கு மட்டும் சரி.

காற்று ஜாக்கெட் சேணத்தோடு ஒரு கயிற்றால் இணைந்திருக்கும். ஆள் பறந்து விழும்போது கயிறு இழுபட்டு, கரியமில வாயுக் குப்பி திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஜாக்கெட் உப்பும். பிரச்சினை எங்கே என்றால், குதிரையும் ஆளும் சேர்ந்து சரியும்போது கயிறு இழுபடாமலே போகலாம். எடை குறைந்த குழந்தைக்கும் அப்படியே. தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச எடையைப் பாருங்கள். கயிற்றை அவிழ்க்க மறந்து இறங்கினால் பட்டென்று வெடிக்கும், பக்கத்துக் குதிரைகள் மிரளும். 2019இல் வெளியான ஆய்வொன்றில், ஈவென்டிங் (டிரஸ்ஸாஜ், காட்டுவெளி ஓட்டம், தடைதாண்டல் மூன்றும் சேர்ந்த) போட்டிகளில் விழுந்தவர்களில் இந்த ஜாக்கெட் அணிந்திருந்தவர்களுக்குப் பலத்த காயம் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தது. ஜாக்கெட்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. இஎன் 13158 தரத்தில் மூன்றாம் நிலை பெற்ற, உடம்புக்கான நுரைக் கவசத்தின் மேல் கூடுதலாகப் போடுவதென்றால் போடலாம்.

செலவே இல்லாதது வயிற்றுவாரை, அதாவது சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் பட்டையை, இறுக்குவது. சேணம் பூட்டும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்து நிமிடம் நடந்ததும் வார் தளரும். மேட்டில் ஏறுமுன் நிறுத்தி மறுபடி இறுக்காத வழிகாட்டி, மற்றதில் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், எங்கள் கணக்கில் தேறமாட்டார்.

தொழுவத்தில் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புப் படிவம் மருத்துவச் செலவைத் தராது. உங்கள் காப்பீட்டில் குதிரைச் சவாரி சாகச விளையாட்டு என்று விலக்கப்பட்டிருக்கிறதா எனக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

கைப்பேசிக் கோபுரம் எட்டாத பாதைக்குக் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி பயனுள்ளது. செய்தி அனுப்பவும் பெறவும் முடியும், சந்தா கட்ட வேண்டும். அவசர சமிக்ஞை அனுப்ப மட்டும் பயன்படும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனுக்குச் சந்தா இல்லை, பதிவு செய்தால் போதும், ஆனால் பேட்டரிக்குக் காலாவதித் தேதி உண்டு. எதுவானாலும் சேணப்பையில் வைக்காமல் உடம்பில் மாட்டுங்கள்: ஆள் விழுந்ததும் குதிரை தொழுவத்தைப் பார்த்து ஓடும், பையும் அதோடு போய்விடும். புறப்படுமுன் வீட்டுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அதில் வரும் இடக்குறியை யாரிடம் படித்துச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.