மெட்டு கட்ட எது நல்ல தொடக்கம்: பேச்சா, ஸ்வரமா?

சென்னை வியாசர்பாடியில கானா பாடுற பசங்க மெட்டு கட்டுறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். கீபோர்டு கிடையாது. முதல்ல ஒரு வரியைச் சும்மா பேசுவாங்க: "காசிமேட்டுக் காத்து வந்து கதவத் தட்டுது." அதையே மேசையில தாளம் தட்டி நாலு தடவை சொல்லிப் பாருங்க. 'கா' நெடில் தானா நீளும். 'கதவ'ங்கிற மூணு குறிலும் படபடன்னு ஓடும். 'தட்டுது'ல குரல் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் பெரிசாக்கினா மெட்டு வந்துடும். வார்த்தை ஒருநாளும் நசுங்காது.

இன்னொரு வழி, மோகன ராகத்தோட ஸ ரி க ப த அஞ்சு ஸ்வரத்தை மட்டும் வெச்சுக்கிறது. ஒரு கட்டை சுருதியில, அதாவது கீபோர்டுல C-யை 'ஸ'வா வெச்சா, எல்லாமே வெள்ளைக் கட்டைதான். எப்படி மாத்தி வாசிச்சாலும் காதை உறுத்தாது. ஆனா விரல் படி ஏறி இறங்குற மாதிரியே போகும். ஒரு சின்ன துண்டை வாசிச்சு, திரும்ப வாசிக்கும்போது முடிவை மட்டும் மாத்துங்க, சரியாகும்.

கதை சொல்ற பாட்டுக்கு என் ஓட்டு பேச்சுக்குத்தான். அதுல ஒரு குறை உண்டு: மெட்டு மூணு நாலு ஸ்வரத்துக்குள்ளயே சுத்தும். அதனால பல்லவியைப் பேசிக் கட்டிட்டு, சரணத்துல மேல் ஸட்ஜத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்குத் தாவ மோகனத்தைத் தொடுவேன்.