வில்லுப்பாட்டை வெளியூர்க்கு அனுப்ப எது தோது: ஜூமா, சோனோபஸ்ஸா, யூடியூப் லைவா?

2020ல கொரோனாவால கோயில் கொடைத் திருவிழா எல்லாம் நின்னப்ப தான் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரங்க போனுக்கு முன்னாடி உக்காந்து பாட ஆரம்பிச்சாங்க, இப்ப கொடை திரும்பியும் தாராவில, துபாய்ல இருக்குற சொந்தக்காரங்க எங்களுக்கும் கதை கேக்கணும்னு கேக்காங்க, அதான் பாத்தவரைக்கும் சொல்லுதேன்.

ஜூம் எல்லாருக்கும் பழக்கம், ஆனா அது பேச்சுக்குன்னு செஞ்சது. ஒருத்தர் சத்தம் வந்தா மத்தவர் சத்தத்தை அமுக்கிரும், குடமும் வில்லு மணியும் அதுக்கு வெறும் இரைச்சல். முன்னாடி இருந்து கதை பாடுற புலவர் வரியை முடிக்கும்போதே பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு ஏந்தணும்லா, அந்த உயிரே போயிரும். 'ஒரிஜினல் சவுண்ட்' ஆன் பண்ணி எல்லாரும் ஹெட்போன் மாட்டினா சத்தம் தேறும், தாமதம் தேறாது. இலவசக் கணக்குன்னா 40 நிமிசத்துல கட் ஆயிரும், அதுக்குள்ள சுடலைமாடன் கதையில மாடன் பிறப்பே முடியாது. தனி ஆளுக்குப் பாட்டு சொல்லிக்குடுக்க நல்லது.

சோனோபஸ், ஜாமுலஸ் ரெண்டும் வாசிக்கிறவங்களுக்குன்னே செஞ்ச இலவச மென்பொருள். சேந்து தாளம் போட தாமதம் 25, 30 மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும், அதாவது பத்து மீட்டர் தள்ளி உக்காந்து பாடுற அளவு தான், அதைத் தாண்டினா தாளம் இழுக்க ஆரம்பிச்சிரும். அதுக்கு லேன் வயரும் வயர் ஹெட்போனும் கட்டாயம், புளூடூத் போட்டா அதுவே பெரும்பாலும் 100 மில்லி செகண்டுக்கு மேல தின்னுரும். பாளையங்கோட்டையில ஒருத்தர், தென்காசில ஒருத்தர், ரெண்டு வீட்லயும் ஃபைபர் இருந்தா ஒத்திகை பாக்கலாம். குழு மொத்தத்துக்கும் இது ஆவாது, ஏன்னா குடம் அடிக்கிற அண்ணாச்சி புலவர் கையில வில்லை அடிக்கிற வீசுகோல் எழும்புறதைப் பாத்து தான் அடிப்பாரு, இதுல சத்தம் மட்டும் தான், முகம் கிடையாது.

என் ஓட்டு யூடியூப் லைவுக்கு தான். பல செகண்ட் பிந்தி தான் போகும், போகட்டும், குழு ஒரே பந்தல்ல ஒண்ணா இருக்குல்லா, அதை விட்டுக்குடுக்கவே கூடாது. சவுண்ட் சர்வீஸ்காரர் மிக்ஸர்ல இருந்து நேரா லைன் எடுங்க, போன் மைக்கை நம்பினா உடுக்கை சத்தம் பிளந்துரும். மொபைல்ல லைவ் போட 50 சப்ஸ்கிரைபர் வேணும், முதல் தடவை லைவ் வசதி திறக்கவே 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், அதனால கொடைக்கு முந்தின வாரமே பாத்துக்கிடுங்க. குலவைச் சத்தம் அங்கேருந்து வராது, அது எனக்கு வருத்தம் தான்.

அப்புறம் அன்பளிப்பு அனுப்புற கியூஆர் திரையில குழுவோடதா இருக்கட்டும், சேனல்காரர் கணக்குக்குப் போயி அங்கேருந்து பாட்டுக்காரங்களுக்கு வரணும்னு வைக்காதீங்க.