கிராம சபை நோட்டில் எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் தெருவில் வடிகால் பாதியில் நிற்கிறது. ஊராட்சிப் பதிவேட்டிலோ அது முழுசாகக் கட்டி முடிந்துவிட்டது. பணி திருப்திகரமாக நிறைவடைந்ததாகக் கிராம சபையே தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே இருப்பவை எங்கள் தெருக்காரர்களின் கையெழுத்துகள். ஒன்றுகூடப் போலி இல்லை, அவர்களே போட்டவைதான். இதை எழுத வேண்டிய அவசியமும் அதனால்தான் வந்தது.

மே 1 கிராம சபையில் வடிகாலை முடித்துத் தரச் சொல்லிக் கேட்டோம். சரி, பார்க்கிறோம் என்றார்கள். கூட்டம் கலைகிற நேரத்தில் நோட்டு சுற்றி வந்தது. "தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கிறோம், வந்ததுக்குக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். வராதவர்களின் வீட்டுக்கு மறுநாள் நோட்டே போனது. "நூறு நாள் வேலைக்குத்தான் அக்கா" என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். இப்படி வீடு வீடாக அலைவதற்குக் காரணம் உண்டு. மக்கள்தொகைக்கு ஏற்ப இத்தனை பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும் என்று குறைவெண் வரம்பு வைத்திருக்கிறார்கள். 501 முதல் 3,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 100 பேர்.

மழை வந்தது, சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் போய்க் கேட்டால், "உங்க சபையே வேலை முடிஞ்சதுன்னு எழுதிக் கொடுத்திருக்கே" என்றார்கள். அங்கேதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் மனுப் போட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதில் ஒரே வரி: கோப்பு தேடப்பட்டு வருகிறது. முதல் மேல்முறையீடு செய்தோம். உடனே போன் வந்தது. "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம். மனுவை வாபஸ் வாங்கிட்டா வேலையை முடிச்சுத் தர்றோம்." தயவுசெய்து இதற்கு இணங்கி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வாபஸ் வாங்கிவிட்டால் கேட்ட ஆவணமும் வராது, வேலை நடக்கும் என்பதற்கும் எந்த உத்தரவாதமும் இல்லை. நாங்கள் மறுத்த பிறகுதான் நகல்கள் வந்தன. அதற்கும் பக்கக் கட்டணம் கேட்டார்கள். கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 7(6) சொல்கிறது என எழுதிக் கொடுத்த பிறகு விட்டுவிட்டார்கள்.

அந்தத் தீர்மானப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே உள்ள தீர்மானங்கள் ஒரே கையெழுத்தில், நல்ல இடைவெளியுடன் இருக்கின்றன. வடிகால் தீர்மானம் மட்டும் பொடி எழுத்தில், கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் நெருக்கிச் செருகப்பட்டிருக்கிறது. இடம் போதாமல் கடைசி இரண்டு சொற்கள் ஓரத்தில் ஏறி நிற்கின்றன. செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், நீளம் 118 மீட்டர். டேப் பிடித்து அளந்தோம். 64 மீட்டரில் சிமெண்ட் முடிகிறது, அதற்கப்புறம் வெறும் மண்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது கிராம சபை. தணிக்கை அறிக்கையும் அங்கே வர வேண்டும். அந்த அதிகாரம் முழுக்கத் தீர்மான நோட்டில்தான் இருக்கிறது. ஆகவே தீர்மானத்தை எழுதி, சத்தமாக வாசித்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுக்கச் சொல்லுங்கள். பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நான் இப்போது சொல்லி வைத்திருப்பதும் இதைத்தான்: வீட்டு வாசலுக்கு வருகிற நோட்டில் எதற்காகவும் கையெழுத்து வேண்டாம்.

மனு எழுதும்போது "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தட்டிக் கழிப்பது அவர்களுக்குச் சுலபம். தீர்மான நகல், மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக், பில் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வேலை நடந்த இடத்தையே ஆய்வு செய்யவும் பிரிவு 2(j) உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. மத்திய நிதிக்குழு மானியத்தில் நடந்த வேலை என்றால் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் ஊராட்சியின் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். மேல்முறையீட்டிலும் பதில் வரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமில்லாமல் தாமதிக்கும் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர் என்பதால், திங்கள்கிழமை குறைதீர் நாளில் நகல்களையும் படங்களையும் இணைத்து அவரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும்வரை அசல் பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்தில் வைக்காமல் ஆட்சியரே தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறோம்.