இரட்டைக் கண்ணாடியா, உள்பக்கம் இன்னொரு ஜன்னலா?

வடபழனியில் பஸ் போகிற சாலையைப் பார்த்த முதல் மாடி வீடு எங்களுடையது. பகல் சத்தம் பழகிவிட்டது. நள்ளிரவில் காலி ரோட்டில் போகும் லாரி யாருக்காக ஹாரன் அடிக்கிறது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். லாரிக்கு அதெல்லாம் எட்டாது. சரி, ஜன்னலை மாற்றலாம் என்று விசாரிக்கப் போனால் கடைக்குக் கடை ஒரே பதில்: "டபுள் கிளாஸ் போட்டுடுங்க சார், சத்தமே வராது."

வரும்.

டபுள் கிளாஸ் என்பது குளிர் நாடுகளில் வீட்டுச் சூடு வெளியே போகாமல் இருக்க வந்த சாமான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே 12 மில்லிமீட்டர் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். வெயிலில் காயும் மேற்குப் பக்க அறையில் ஏசி ஓட்டுபவருக்கு அதனால் லாபம் உண்டு. சத்தத்துக்கு அந்த 12 மி.மீ. போதாது. அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, இரண்டு கண்ணாடியையும் சேர்த்து ஆட்டும். இருபுறமும் 4 மி.மீ. கண்ணாடி என்றால் அந்த ஆட்டம் சுமார் 250 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 250 அதிர்வில், வருகிறது. பஸ் இன்ஜினின் உறுமலும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். அதனால் ஆய்வகத்திலேயே இந்த ஜன்னல் தடுப்பது 30 டெசிபல் சுமாருக்கு. இடைவெளி இல்லாமல் மூடும் ஒற்றை 5 மி.மீ. கண்ணாடியும் கிட்டத்தட்ட அவ்வளவு தடுக்கும். காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரிய இன்னும் 10 டெசிபல் குறைய வேண்டும்.

டபுள் கிளாஸ்தான் வேண்டும் என்றால் இரண்டு கண்ணாடியும் ஒரே கனத்தில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு கனத்துக்கும் சத்தத்தைச் சுலபமாக உள்ளே விடும் ஒரு பலவீனமான இடம் உண்டு: 6 மி.மீ.க்குச் சுமார் 2000 ஹெர்ட்ஸ், 4 மி.மீ.க்கு 3000. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே இடத்தில் கோட்டை விடும், ஹாரனின் கிறீச்சல் அந்த வழியாகத்தான் நுழையும். ஒருபக்கம் 10, மறுபக்கம் 6 என்று போட்டால் 36 டெசிபல் அளவுக்குப் போகலாம். ஆனால் கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. 16 மி.மீ. என்றால் 40 கிலோ. கீலும் சட்டமும் அதைத் தாங்கவேண்டும்.

லேமினேட்டட் கண்ணாடி, அதாவது கார் முன்கண்ணாடி மாதிரி நடுவில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது, இன்னொரு வழி. படலம் அதிர்வை அமுக்கிவிடுவதால் நான் சொன்ன பலவீனமான இடம் சற்று மறைகிறது. 6 மி.மீ. வகை 33 டெசிபல் சுமாருக்குத் தடுக்கும், ஒலிக்கென்றே செய்த படலம் என்றால் கொஞ்சம் கூடுதலாக. வெளிச்சுவர் மெலிதாக இருக்கும் புது அபார்ட்மென்ட்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் வீடு பழையது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஜன்னல் சட்டம் வெளிப்பக்கமாக நிற்கும், கதவு வெளியே திறக்கும், கம்பிக்கு உள்பக்கம் நாலு அங்குலத் திட்டு சும்மா கிடக்கும். சாவியும் கொசுவர்த்திச் சுருளும் வைக்கிற இடம். அதன் உள் ஓரத்தில், பழைய ஜன்னலைத் தொடாமல், இன்னொரு கண்ணாடி ஜன்னல் போட்டோம். இரண்டுக்கும் நடுவே 100 மி.மீ. கிடைத்தால் 250-இல் இருந்த அந்த ஆட்டம் 85 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். இரண்டு ஜன்னலும் ஒழுங்காக மூடினால் 40 டெசிபலையும் தாண்டலாம். சுவரை இடிக்கவேண்டாம், பூச்சு வேலையும் இல்லை, பழையதைப் பெயர்த்துவிட்டு டபுள் கிளாஸ் வைப்பதைவிடச் செலவும் குறைவு. இப்போது லாரி ஹாரன் அடுத்த தெருவில் கேட்பது போல இருக்கிறது. ஆடி மாதக் கூம்பு ஸ்பீக்கரும் நன்றாகவே அடங்கிவிட்டது, மேளத்தின் அடி மட்டும் வரத்தான் செய்கிறது.

குறையும் உண்டு. காற்று வேண்டுமென்றால் இரண்டையும் திறக்கவேண்டும். நடுவில் சேரும் தூசியைக் கம்பிக்குள் கைவிட்டுத் துடைக்கவேண்டும். வீட்டில் இதற்காக நான் வாங்கிய பேச்சு தனிக்கதை.

எதைப் போட்டாலும் இடுக்கு இருந்தால் காசு வீண். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு உசத்திக் கண்ணாடி என்றாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. காற்றடிக்கும் நாளில், ஃபேனை நிறுத்திவிட்டு, மூடிய ஜன்னலின் ஓரமாக ஊதுபத்தியைக் கொண்டு போய்ப் பாருங்கள். எங்கள் ஹால் ஸ்லைடிங்கில் இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுச்சட்டத்தில் புகை சட்டென்று உள்பக்கம் வளைந்தது. ஸ்லைடிங்கில் இருப்பது பிரஷ் மாதிரி நார்ப்பட்டை, காற்று அதில் கசியும். கீலில் திறந்து, ரப்பர் கேஸ்கட்டில் அழுந்தி மூடும் கதவு எப்போதும் மேல். அடைக்கிறேன் என்று ஸ்லைடிங் தண்டவாளத்தில் மழைத்தண்ணீர் வடியும் துளையில் மட்டும் சிலிக்கான் வைத்துவிடாதீர்கள். ஏசியின் செம்புக்குழாய் போகும் ஓட்டையையும் ஒருதரம் பாருங்கள், எங்கள் வீட்டில் சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சந்து இருந்தது.

கனமான திரை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். தெர்மோகோல், முட்டை அட்டை பற்றிப் பேசவேண்டியதே இல்லை.

அப்புறம் வென்டிலேட்டர். அதைத் திறந்து வைத்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சு முட்டும், ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. நாங்கள் ரோட்டுப் பக்கத்து வென்டிலேட்டரை மட்டும் கண்ணாடி வைத்து மூடிவிட்டு, கிணற்றடிப் பக்கம் இருப்பதைத் திறந்தே வைத்திருக்கிறோம்.