ஃபுட்பாலுக்கு ஸ்போர்ட்ஸ் ஹிஜாப் வாங்கலாமா? போட்டு ஆடிப் பாத்துட்டு சொல்றேன்

பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே மாடல நாலஞ்சு கம்பெனி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் விக்கிறாங்க. தலை வழியா மாட்டிக்கற ஒரே துணி, குத்தற பின் எதுவும் கிடையாது, இழுத்தா நீளுற பாலியெஸ்டர், காதுப் பக்கம் மட்டும் பொடிப்பொடியா ஓட்டை. ஆன்லைன்ல நாப்பது ஆஸ்திரேலியா டாலருக்குக் கிட்ட வருது, இத்துனூண்டு துணிக்கு இது அநியாய விலைதான்.

நாங்க ஆடறது மெல்பர்ன்ல டாண்டினாங் பக்கம், லேடீஸ் மட்டும் சேந்து வாரக்கடைசில ஆடற சின்ன டீம். எனக்கு சொந்த ஊர் காயல்பட்டினம், அங்க பொறந்துட்டு ஃபுட்பால் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா பூட்ஸ் மாட்டிட்டு நானே இறங்குனது இங்க வந்து கல்யாணம் குழந்தை எல்லாம் ஆனப்புறம்தான். டீம்லயே நல்லா ஆடறது ஒரு ஆப்கான் பொண்ணு, அகதியா வந்தவ, இருபது சொச்சம் வயசு, லெஃப்ட் விங். எல்லார் பேரோடயும் ஒரு 'ஜான்' (நம்ம 'கண்ணு' மாதிரி) சேத்துதான் கூப்பிடுவா, ஆனா பந்து கால்ல வந்துட்டா ஜானும் கிடையாது ஒண்ணும் கிடையாது, "பாஸ்! பாஸ்!"னு ஒரே கத்தல்தான். இந்த ரிவ்யூல பாதி அவளோடதுன்னு வெச்சுக்கோங்க, நான் ஓடறத விட நிக்கிறதுதான் ஜாஸ்தி, அவ ஓடற ஓட்டத்துலதான் துணியோட வண்டவாளம் தெரியும்.

அவ வெச்சிருக்கற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு, மேட்ச்ல கை தலைக்குப் போகக் கூடாது. முன்னாடி தாமஸ் ஸ்ட்ரீட் ஆப்கான் பஜார்ல வாங்குன சாதா காட்டன் ஸ்கார்ஃப இறுக்கிக் கட்டிட்டு வருவா, ஒவ்வொரு ஸ்பிரின்ட்டுக்கும் ஒரு கை நெத்தில, அந்த கேப்ல டிஃபெண்டர் பந்த வாங்கிட்டுப் போயிடுவா. இதுல அது சுத்தமா நின்னுடுச்சு. ஹெட்டர் அடிச்சாலும் நகரல, நெத்தில உள்பக்கம் ஒரு பட்டை வெச்சு தச்சிருக்காங்க, வேர்வை கண்ணுக்குள்ள எறங்காம அதுவே பிடிச்சுக்குது.

குறைன்னா மொதல்ல காது. ஓட்டை இருந்தும், காத்து அடிக்கற அன்னிக்கு பின்னாடிலேர்ந்து 'மேன் ஆன்'னு (எதிராளி கிட்ட வந்துட்டான்னு) கத்துனா பாதிதான் கேக்குது. ரெண்டாவது பின்பக்க நீளம், ஜெர்சிக்குள்ள சொருகிக்கற அளவுக்கு இல்ல, குனிஞ்சு நிமிந்தா வெளில வந்துடுது. அப்புறம் 38, 40 டிகிரி வெயில்ல எந்தத் துணியா இருந்தாலும் சூடுதான், கூலிங் டெக்னாலஜின்னு அட்டைல போட்டிருக்கறத நம்பிடாதீங்க.

கலர் பத்தி ஒண்ணு சொல்லணும். லீக் மேட்ச் ஆடற ஆளா இருந்தா பூப்போட்டது, பிங்க்குன்னு போகாம கருப்பே வாங்கிடுங்க. ரூல் புக்ல கருப்பு, இல்லாட்டி ஜெர்சியோட மெயின் கலர், டீம்ல போடற எல்லாரும் ஒரே கலர்னு இருக்கு, கழுத்துக்கிட்ட ஆபத்தா எதுவும் இருக்கக் கூடாது, ஜெர்சியோட சேத்துத் தைக்கவும் கூடாது. இந்தப் பெர்மிஷனே லேசுல வந்ததில்ல. 2011ல தலைத்துணி பிரச்சனைலதான் ஈரான் பெண்கள் டீமால ஜோர்டானோட ஒலிம்பிக் குவாலிஃபையர் ஆட முடியாமப் போச்சு, 2014லதான் ரூல்லயே முழுசா ஓகே ஆச்சு. 2023 வேர்ல்ட் கப்ல மொராக்கோவோட நுஹைலா பென்ஸினா ஹிஜாபோட ஆடுனாங்கல்ல, சீனியர் பெண்கள் வேர்ல்ட் கப்ல அதான் மொத தடவை, அதுவும் இங்க அடிலெய்ட்லதான். எங்க டீம் ஆப்கான் பொண்ணு அந்த மேட்ச்ல அவங்க தலைய மட்டும் ஜூம் பண்ணி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, "பாரு, கை தலைக்கே போகல"ன்னு குரூப்ல போட்டா.

ஃப்ரான்ஸ்ல இருக்கற நம்ம தமிழ் ஆளுங்க வாங்கறதுக்கு முன்னாடி யோசிங்க. அங்க ஃபுட்பால் ஃபெடரேஷன் மேட்ச்ல இது தடை, 2023ல கோர்ட்டும் அந்தத் தடைய சரின்னுடுச்சு, பார்க்ல ஆடறதுக்கு மட்டும்தான் ஆகும். இங்கயும் சில பேர், இப்பதான் ஃப்ரீ கன்ட்ரிக்கு வந்தாச்சே கழட்டிட்டு ஆடலாமேன்னு அவகிட்ட கேப்பாங்க. "ஆப்கானிஸ்தான்ல பந்தக் கீழ வைனு சொன்னாங்க, இங்க துணியக் கீழ வைனு சொல்றீங்க, நான் எதையும் வைக்கறதா இல்ல"ம்பா. ரொம்ப வாயாடி.

2021 ஆகஸ்ட்ல தாலிபான் காபூலப் பிடிச்சப்போ, ஆப்கான் பெண்கள் டீம ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான காலிதா போபல், போட்டோவ எல்லாம் டெலீட் பண்ணுங்க, ஜெர்சிய எரிச்சுடுங்கன்னு ப்ளேயர்ஸ்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த ப்ளேயர்ஸ் நெறைய பேர் ஆஸ்திரேலியா வந்து, மெல்பர்ன் விக்டரி கிளப் சப்போர்ட்ல 2022லேர்ந்து விக்டோரியா லீக்ல ஆடுனாங்க. எங்க பொண்ணு அந்த டீம் இல்ல, ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள ஆடுனவ, ஆனா ஜெர்சிய அடுப்புல போட்ட கதை அவகிட்டயும் இருக்கு. நம்பர் 11. இங்க எங்க டீம்ல 11 வேற ஒருத்திகிட்ட இருந்துச்சு, பொலானி செஞ்சு கொண்டு வந்து குடுத்தே அந்த நம்பர வாங்கிட்டா, உருளைக்கெழங்கு வெச்ச ரொட்டிதான், ஆனா சூடா சாப்பிட்டா நம்பர் என்ன டீமையே எழுதிக் குடுத்துடுவோம்.

சைஸ் ஒரு நம்பர் சின்னதா எடுங்க, துவைக்கத் துவைக்க லூஸாகுது. மெஷின்ல போடலாம், ட்ரையர்ல வேணாம், எலாஸ்டிக் போயிடும். என் ரேட்டிங் அஞ்சுக்கு நாலு, அவ மூணரைதான் குடுக்கறா, காதுக்காக.